கூர்ப்புப் பாடமும் முறைமன்றமும்

2023ஆம் ஆண்டு அக்தோபர் 13ஆம் நாள் தில்லி உச்ச முறைமன்றத்தின்முன் (உச்ச நீதிமன்றம்) விந்தையான முறையீடொன்று வந்தது. உயிரினத் தோற்றம் பற்றித் தார்வின் கூறிய கொள்கையும், பொருண்மையும் ஆற்றலும் பற்றி ஐன்சுடீன் வகுத்த சமன்பாடும் தவறானவை. அவை தவறென மெய்ப்பிக்கத் தமக்கோர் அரங்கு வேண்டும் என்பது முறையீட்டாளரின் வேண்டுகை. பள்ளியிலும் கல்லூரியிலும் தாம் கற்றன பிழை என்பதே அவர் கூற்று. அங்ஙனமாயின் உம் கொள்கையை நீரே செப்பஞ்செய்துகொள்ளலாம், விரும்பியவாறு பரப்பலாம், இதில் இம்மன்றஞ் செய்யக்கிடந்தது யாது என்னும் கருத்துப்பட நடுவர் இருவரும் விடையிறுத்தனர். அடிப்படையுரிமை எதுவுங் கெடாத ஒன்றிற்காக அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்வழி முறையிட முடியாது என்று கூறி அதனைத் தள்ளியும் விட்டனர்.

நகைத்துவிட்டு மறக்கத்தக்க செய்திபோல இது தோன்றும். ஆயின், அதே ஆண்டில் எந்த வழக்குமின்றி, எந்த நடுவர் முன்னும் நில்லாமல், அக்கொள்கை பள்ளிப் பிள்ளைகளின் கையினின்று பறிக்கப்பட்டதை எண்ணுவார்க்கு நகை வாராது. நடுவணரசின் பாடநூற் குழுவாகிய என்.சி.இ.ஆர்.டி., கொரோனாத் தொற்றுக் காலத்துப் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022இல் வெட்டும் வேலையைத் தொடங்கிற்று. 2023இல் வெளிவந்த அதன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், மரபுவழியையும் உயிரினக் கூர்ப்பையும் சேர்த்துக் கூறிய ஒன்பதாம் இயல் மரபுவழியை மட்டுங் கூறுவதாகச் சுருங்கியிருந்தது. 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அவ்வாண்டு ஏப்பிரலில் கையொப்பமிட்டு எதிர்ப்பறிக்கை விடுத்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கவே இருக்கின்றது என்பது அரசின் விடை.

அவ்விடையின் பொருளை மதுரைத் தெருவொன்றில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் நடுவணரசின் கேந்திரிய வித்தியாலயப் பள்ளிகள் உள. அவ்வெட்டுண்ட நூலைப் பத்தாம் வகுப்பிற் கற்ற ஒரு பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்துக்கொண்டது எனக் கொள்க. அப்பிள்ளை உயிரியலை மீண்டுந் தொடப்போவதில்லை. தான் எங்கிருந்து வந்தான் என்பது பற்றி மாந்தன் இருநூறாண்டு அரும்பாடுபட்டு அறிந்த செய்தி, அதன் பள்ளிவாழ்வில் ஒருமுறையேனும் அதன் காதில் விழாது. அதே தெருவினின்று மாநகராட்சிப் பள்ளிக்குச் செல்லும் கூலியாளர் மகளுக்கோ, 2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என ஓரலகே ஒதுக்கப்பட்டிருந்தது. பணங்கட்டிப் படிக்கும் பள்ளிகளை நாடி, நடுவணரசுப் பாடத்திட்டமே உயர்ந்ததென மயங்கி, வட்டிக்கு வாங்கியும் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இதனை ஓர்ந்துணர்க.

பாடம் வெட்டப்படுவதற்கு ஐந்தாண்டு முன்னரே அதற்கான குரல் எழுந்துவிட்டது. 2018 சனவரியில், நடுவணரசின் கல்வித்துறை இணையமைச்சராயிருந்த சத்தியபால் சிங், தார்வின் கொள்கை அறிவியற்படி தவறு, பாடத்திட்டத்தினின்று அதனை மாற்றல் வேண்டும் என்றார். அவர் காட்டிய கரணியம் ஒன்றே: குரங்கு மாந்தனாவதைக் கண்டதாக முன்னோர் எவருஞ் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை. நாட்டின் முப்பெரும் அறிவியற் கழகங்களும் ஒருங்கே கூடி மறுப்பறிக்கை விட்டன. மூத்த அமைச்சர் பிரகாசு சவதேகர் இத்தகைய பேச்சைத் தவிர்க்குமாறு அவரிடங் கூறினார். அடுத்த ஆண்டு சனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர், திருமாலின் பத்துத் தோற்றரவுகளே தார்வினினும் மேம்பட்ட கொள்கை என்றார். மாநாட்டு மேடையில் நின்று ஒரு துணைவேந்தர்!

'எவருங் கண்டதில்லை' என்னும் வாதத்திற்கு விடைகூறத் தமிழாசிரியனே போதும்; உயிரியலார் வரவேண்டுவதில்லை.

தமிழினின்று மலையாளம் பிரிந்ததை எவர் கண்டார்? சேரநாட்டு மக்கள் ஒருநாள் மாலை தமிழராய்ப் படுத்து மறுநாட் காலை மலையாளியராய் எழுந்தனரா? தாய் தமிழ் பேசப் பிள்ளை மலையாளம் பேசிற்று என்று சொல்லத்தக்க வீடு ஒன்றேனும் இருந்ததா? இல்லை. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையும் ஒரே மொழியே பேசினர். ஆயினும் பல தலைமுறை கழிந்தபின், தொடக்கத்தில் நின்றார் பேச்சும் முடிவில் நிற்பார் பேச்சும் வெவ்வேறு மொழிகளாயின. எவரும் கண்ணாற் காணாத இவ்வுண்மையை எல்லீசர் 1816இலும் கால்டுவெலார் 1856இலும் எங்ஙனங் கண்டனர்? எஞ்சிநின்ற சான்றுகளைக் கொண்டே கண்டனர். தமிழிற் சொன்முதற் பகரம் நிற்கும் பால், பல், பத்து முதலிய சொற்களில், கன்னடத்தில் அப்பகரம் மூச்சொலியாய்த் தேய்ந்து நிற்கின்றது. ஒரு சொல்லில் மட்டுமன்று. நூறு சொற்களில் ஒரே ஒழுங்காய் நிற்கின்றது. இத்தகைய ஒழுங்கு தற்செயலாய் வாராது. ஒருவீட்டுப் பிள்ளைகட்கே வரும். கால்டுவெலாரின் ஒப்பிலக்கணம் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1859இல், தார்வினின் உயிரினத் தோற்ற நூல் வெளிவந்தது. மொழிக்கு ஒருவர் செய்ததையே உயிர்க்கு மற்றவர் செய்தார். முன்னதை ஏற்றுத் தமிழின் தாய்மையைப் பேசும் ஒருவன் பின்னதை மறுப்பானாயின் அவன் மறுப்பது தன் கால்கீழ் நிலத்தையே.

அழகர்மலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகள் கேட்கும் வினாவும் ஒன்றுண்டு. குரங்கினின்று மாந்தன் வந்தான் எனில், அம்மலைக் குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே உள? விடையும் அதே மொழிநூலில் உண்டு. இற்றை மதுரைத் தமிழினின்று மலையாளம் பிறக்கவில்லை. இரண்டிற்கும் முற்பட்ட பழந்தமிழினின்றே இரண்டும் இறங்கின. அழகர்மலைக் குரங்கு மாந்தனுக்குப் பாட்டன் அன்று. மிகத் தொலைவான பங்காளி.

இன்னுஞ் சிறந்த சான்று சுவடிப் பதிப்பாளர் கையில் உள்ளது. தாமோதரனாரும் சாமிநாதையரும் ஊரூராய் அலைந்து ஏடு தேடியபோது, ஒரு நூலுக்குப் பத்துப் படிகள் கிடைத்தால் அவற்றுள் எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை எங்ஙனம் அறிந்திருத்தல் கூடும்? நல்ல பாடங்களால் அன்று, பிழைகளால். சரியான பாடம் எவ்வேட்டிலும் இருக்கலாம். ஓரடி விடுபட்டு, அதே இடத்தில் அதே அடி மற்றோரேட்டிலும் விடுபட்டிருந்தால் அவ்விரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதினவே. உயிர்களின் உடலிலும் இத்தகைய ஏட்டுப்பிழைகள் உள. பெரும்பாலான பாலூட்டிகள் உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மாந்தன் ஆக்கமாட்டான், நெல்லிக்கனியும் எலுமிச்சையும் தின்றே பெறல் வேண்டும். ஆக்குதற்குரிய மரபணு அவன் உடலில் இல்லாமல் இல்லை. இருந்தும் சிதைந்து கிடக்கின்றது. வாலில்லாக் குரங்குகளிடத்தும் அதே மரபணு சிதைந்தே கிடக்கின்றது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் ஒரே பிழை இருவர்க்கும் வருமா என்பதை ஏடு படித்தவன் அறிவான்.

ஏட்டுப்பிழையாற் குட்டு வெளிப்பட்ட வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. இப்பொருளில் ஞாலத்தில் நடந்த வழக்குகளுள் தமிழ்ப் புலவர்க்கு மிகவுஞ் சுவைதரத்தக்கது அதுவே. அந்நாட்டில் இப்போர் நூறாண்டுப் பழமையது. 1925இல் தெனசி மாநிலத்தில், மாந்தன் தாழ்ந்த உயிரினின்று வந்தான் என்று கற்பிப்பதைத் தடுத்த சட்டத்தின்கீழ் இசுகோப்சு என்னும் இளம் ஆசிரியர் குற்றவாளியாக்கப்பட்டு 100 தாலர் தண்டம் விதிக்கப்பெற்றார். தண்டத்தொகையை விதித்த முறையிலிருந்த தவற்றால் 1927இல் தீர்ப்பு நீங்கிற்று; சட்டமோ 1967 வரை நின்றது. அடுத்த ஆண்டே, இத்தகைய தடைச்சட்டம் அரசமைப்பிற்கு மாறானது என அந்நாட்டு உச்ச முறைமன்றம் அறைந்தது. தடுக்க முடியாது போகவே, எதிர்ப்பாளர் சமன்செய்யுமாறு கேட்டனர்: தார்வினையுங் கற்பியுங்கள், இறைவன் படைத்தான் என்பதையும் அறிவியலாகவே அதனொடு கற்பியுங்கள். உலூசியானா மாநிலம் அப்படியொரு சட்டஞ் செய்ய, 1987இல் அதுவும் வீழ்ந்தது.

மூன்றாம் வேடம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது. இறைவன் பெயரைச் சொல்லாமல், யாரோ ஓர் அறிவுடையோன் உயிர்களை வடிவமைத்தான் என்று மட்டுஞ் சொல்வது. பென்சில்வேனியா மாநிலத்துத் தோவர் என்னும் சிற்றூரின் பள்ளிக்குழு 2004இல், உயிரியல் வகுப்பில் இதுபற்றி ஓர் அறிவிப்பைப் படித்துக்காட்டல் வேண்டுமென முடிவுசெய்தது. உயிரியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்துவிட்டனர். அலுவலர் வந்து படித்தனர். பெற்றோர் பதினொருவர் வழக்கிட்டனர். அவ்வறிவிப்பு பரிந்துரைத்த நூலின் பழைய கைப்படிகளை வழக்கறிஞர் கேட்டுப் பெற்று ஒப்புநோக்கியபோது, 1987க்கு முற்பட்ட படிகளிற் 'படைப்பு', 'படைப்புக் கொள்கையர்' என்றிருந்த இடமெல்லாம் பிற்பட்ட படிகளில் 'வடிவமைப்பு', 'வடிவமைப்புக் கொள்கையர்' என மாறியிருந்தது. ஓரிடத்தில் மாற்றியவர் கை தவறிற்று: பழஞ்சொல்லின் தலை முன்னும் அதன் வால் பின்னுமாக ஒட்டிக்கொள்ள, நடுவிற் புதுச்சொல் செருகிக் கிடந்தது. ஊனும் உயிருமாய் ஓர் இடைநிலை உயிரினம்! இடைநிலைப் புதைபடிவம் எங்கே எங்கே என்று கேட்டவர் நூலுக்குள்ளேயே அஃது அகப்பட்டது. 2005 திசம்பர் 20இல் நடுவர் சோன்சு 139 பக்கத் தீர்ப்பெழுதி, இஃது அறிவியல் அன்று, சமயமே என்றார். அவர் கடவுள் மறுப்பாளருமல்லர், எதிர்க்கட்சியாருமல்லர். குடியரசுத் தலைவர் புசு அமர்த்தியவர். தீர்ப்புக்கு முன்பே நவம்பரில் நடந்த தேர்தலில் அவ்வூர் மக்கள் பழைய குழுவினரைத் தோற்கடித்துவிட்டனர். வழக்குச் செலவோ பத்து இலக்கம் தாலருக்கும் மேல். தலையிற் சுமந்தது பள்ளி.

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சிலர் இவ்வழக்கை எடுத்துக்காட்டி, இங்கும் அவ்வாறே முறைமன்றம் காக்கும் என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு இடமில்லை. இந்திய அரசமைப்பின் 28ஆம் உறுப்பு, முழுதும் அரசு செலவில் நடக்கும் கல்விநிலையத்தில் சமயப்பாடங் கூடாது என்கின்றது. 1976இற் செய்த திருத்தத்தால் வந்த 51அ உறுப்பு, அறிவியல் மனப்பான்மையை வளர்த்தலைக் குடிமகன் கடமைகளுள் ஒன்றாக்கிற்று. எழுத்தில் இவை அழகியவை. ஆனால் 2001இற் பல்கலைக்கழக நல்கைக்குழு கணியத்தை (சோதிடம்) அறிவியற் பட்டப்படிப்பாக்க முனைந்தபோது நடந்ததை நினைவுகூர்க. ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்றியல் நடுவத்தை நிறுவிய பெரும் அறிவியலாளர் பார்கவா வழக்கிட்டார். ஆந்திர உயர் முறைமன்றந் தள்ளிற்று. 2004 மே மாதம் உச்ச முறைமன்றமுந் தள்ளிற்று. விரும்புவோர் மட்டுங் கற்கும் படிப்பு அது, கல்வியில் எது தகும் எது தகாது என்பதைக் கல்வியறிஞர் குழுவே முடிவுசெய்தல் வேண்டும், மன்றம் அதில் தலையிடாது, அது சமயப்பாடமும் ஆகாது என்பன தீர்ப்பின் போக்கு.

2004 தீர்ப்பையும் 2023 தீர்ப்பையும் அருகருகே வைத்தால் உண்மை விளங்கும். தார்வினைத் தள்ளுக என்றவனுக்கும் மன்றம் கதவைச் சாத்திற்று. கணியத்தைத் தள்ளுக என்றவர்க்கும் சாத்திற்று. அறிவியலின் மெய்ம்மையைத் தீர்ப்பது நடுவர் வேலையன்று என்பது ஒருவகையில் நேரிய நிலையே. ஆயினும் அதன் விளைவு என்ன? பாடநூலில் இருப்பதையும் இல்லாததையும் தீர்மானிக்கும் முழு அதிகாரமும் பாடநூற் குழுவின் மேசையில் விழுகின்றது. அம்மேசையை ஆட்டிவைப்போர் மாறினாற் பாடமும் மாறும். அதற்குமேல் எஞ்சிய ஒரே காவல் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியனே.

அக்காவல் வெற்றுச்சொல் அன்று என்பதற்குச் சென்னையிலேயே சான்று கிடைத்தது. 2024இல் அசோக்நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் தன்முனைப்பூட்டச் சொற்பொழிவு என்று அழைக்கப்பட்ட ஒருவர், முற்பிறவி வினையே உடற்குறைக்குக் கரணியம் என்னும்படி பிள்ளைகளிடம் பேசினார். நூற்றுக்கணக்கான மாணவியர் அமர்ந்திருந்த அவ்வவையில் எழுந்து, அரசுப் பள்ளியில் இதனை எங்ஙனம் பேசலாம் என்று நேர்நின்று கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். அவர் கற்பித்த பாடம் தமிழ். பின்னர் அச்சொற்பொழிவாளர் சிறைப்பட்டதும், தலைமையாசிரியர் இடமாற்றப்பட்டதும் நாடறிந்தவை. உயிரியல் ஆசிரியரே அங்ஙனம் எழுந்து கேட்டிருத்தல் வேண்டும் என்று குறைகூறுவோர் கூறுக. கேட்டவன் தமிழாசிரியன் என்பது தமிழுக்குப் பெருமை.

இனிச் சொல்லவேண்டுவது கசப்பானது. தனித்தமிழ் அன்பர் அவைகளில் இதனைச் சொல்லுவார் அரியர்.

ஆந்திரத் துணைவேந்தரையும் தில்லி அமைச்சரையும் நகைக்கும் வாய், தன் வீட்டுப் பழக்கத்தையும் நோக்கல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துள்ளார். அதனைக் காட்டி, தார்வினுக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னரே தமிழன் உயிர்க்கூர்ப்பைக் கண்டான் என்று பட்டிமன்றந்தோறும் முழங்குகின்றனர். புல் முதலாகப் பல பிறப்பை அடுக்கும் சிவபுராணத்தையும் அதற்கே இழுக்கின்றனர். தொல்காப்பியர் செய்தது பாகுபாடு. இன்னவுயிர் இன்னவுயிரினின்று இறங்கிற்று என அவர் கூறினாரல்லர். புலனறிவை அளவையாகக்கொண்டு உயிர்களை வரிசைப்படுத்திய அத்திறம் தன்னளவிலேயே பெரிது. அதன்மேல் இங்கிலாந்தின் மேலாடையைப் போர்த்தினால் அஃது உயர்வதில்லை, மறைகின்றது. மணிவாசகர் பாடியதோ ஓருயிர் எடுத்த பல பிறவியை. உடல்களின் வழிவழி மாற்றத்தை அன்று. பத்துத் தோற்றரவைத் தார்வினாக்கியவர்க்கும் இவர்க்கும் வேறுபாடு யாது?

குமரிக்கண்டச் செய்தி இதனினும் நுண்ணியது. கடல்கோளால் நிலம் இழந்த நினைவு தமிழிலக்கியத்தில் உண்டு. அந்நினைவுக்கு ஞாலநூற் சான்றும் ஓரளவு உண்டு: 20,000 ஆண்டுகட்குமுன் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, தமிழகமும் ஈழமும் நிலத்தால் ஒட்டிக்கிடந்தன, பின்னர்க் கடல் ஏறிற்று. இஃது ஒன்று. இந்துமாக்கடல் முழுதும் பரந்து கிடந்த பெருநிலத்தில் மாந்தனே தோன்றினான் என்பது முற்றும் வேறொன்று. பின்னதன் வேர் சங்கவிலக்கியத்தில் இல்லை. 1864இல் இசுகிலேத்தர் என்னும் ஆங்கில விலங்கியலார், இலெமூர் என்னும் உயிரினம் மடகாசுக்கரிலும் அதன் இனம் இந்தியப் பக்கத்திலும் பரவிய வகைக்கு விடைதேடி, இடையில் ஒரு நிலம் இருந்திருக்கும் என்று கருதி இலெமூரியா எனப் பெயரிட்டார். செருமானியர் எக்கேல் அங்கேதான் மாந்தன் தோன்றியிருப்பான் என்றார். அக்காலத்து அறிவியல் அது. நிலப்பெருந்தட்டுகள் நகர்கின்றன என்பதை 1912இல் வேகனர் கூறி, 1960களிற் கடலடி ஆய்வுகள் உறுதிப்படுத்தியபின், மூழ்கிய பெருநிலம் தேவையற்றுப் போயிற்று. அறிவியலார் அதனைக் கைவிட்டனர்.

மதுரைக்கு இதில் தனித்தொடர்பு உண்டு. 1981 சனவரியில் இங்கு நடந்த ஐந்தாம் உலகத்தமிழ் மாநாட்டில், தமிழ்நாட்டரசின் செலவில் எடுத்த குமரிக்கண்டப் படம் காட்டப்பட்டது. மொழிஞாயிறு பாவாணர் மாந்தன் தோற்றத்தையும் தமிழர் மரபையும் பொருளாகக்கொண்டு அம்மாநாட்டிற் பேசினார். அம்மாதமே இந்நகரில் உயிர்நீத்தார். அவர் தம் இளமையிற் கிடைத்த ஞாலநூற் கருத்தை நம்பி, அதன்மேற் கட்டினார். சொற்பிறப்பியலில் அவர் ஈட்டிய செல்வம் அக்கடலடி நிலத்தை நம்பி நிற்பதன்று. அவர் வேர்ச்சொல்லாய்வை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து கொள்வதும் தள்ளுவதுமே அவர்க்குச் செய்யும் மதிப்பு. அவர் நம்பிய இலெமூரியாவைப் பள்ளி அறிவியல் நூலில் ஏற்றுக என்று வேண்டுகை விடுவது, தார்வினைத் தள்ளுக என்று உச்ச முறைமன்றத்திற்கு ஓடியவரின் பக்கத்தில் போய் அமர்வதாகும். கடல்கோள் நினைவைத் தமிழ்ப்பாடத்தில், இலக்கியமாக, முழுச்சுவையோடு கற்பிக்கத் தடையேது?

இதனை வற்புறுத்தற்குக் கீழடி ஒன்றே போதும். மதுரைக்குத் தென்கிழக்கே அச்சிற்றூரில் 2014இற் தொடங்கிய அகழாய்வை அமர்நாத் இராமகிருட்டிணன் நடத்தினார். 2017இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். கீழடிப் பொருள்கள் பற்றிச் சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் எழுந்தன. அவர் 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதம் நடுவணரசின் தொல்லியல்துறை திருப்பியது. அவர் திருத்த மறுத்தார். கரிமப் பகுப்பாய்வு சொன்ன காலத்தை அமைச்சர் விருப்பத்திற்கு மாற்றலாகாது என்று தமிழகமே கொதித்தது. கொதித்தது முறையே. அளவை ஒன்றெனில் எங்கும் ஒன்றே. கீழடிக்குக் கரிமச் சான்றை ஏற்று, கடலடிக்கு ஞாலநூற் சான்றை மறுப்பவன் பேச்சைத் தில்லியார் ஒரு நொடியிற் கவிழ்த்துவிடுவர்.

மெய்ச்சான்றைக் கொள்வதால் தமிழகம் இழப்பது ஏதுமில்லை, பெறுவதே மிகுதி. தார்வின் நூல் வெளிவந்த நான்காம் ஆண்டு, 1863இல், பல்லாவரத்தில் புரூசு பூட்டு ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கே தொடங்கிற்று. அவ்வாண்டே அவர் கண்ட அத்திரம்பாக்கத்திற் பின்னர்ச் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையன என்று 2011இல் வெளியிட்டனர். அக்கோடரியைச் செய்த கை இக்கால மாந்தவினத்தின் கையன்று; தமிழோ வேறெம்மொழியோ அங்கு ஒலித்ததெனச் சொல்ல இடமில்லை. ஆயினும் அந்நிலத்தில் நின்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அக்கல்லைக் கையில் ஏந்துமாயின், எந்தப் பாடநூல் வெட்டும் அதன் உள்ளத்தைத் தொடாது.

மதுரைச் சமவெளியிலும் ஒரு சான்று ஓடிக்கொண்டிருக்கின்றது, குருதியில். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அவர் மாணாக்கரும் இப்பகுதி மக்களின் குருதி மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூரொன்றில் எம்130 என்னும் மரபணுக்குறி தந்தைவழியில் வருவது புலனாயிற்று. அதே குறி ஆத்திரேலியத் தொல்குடியாரிடத்தும் உண்டு. ஆப்பிரிக்காவினின்று புறப்பட்ட மாந்தர் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ஆண்டுகட்குமுன் கடற்கரை ஓரமாய்த் தென்னிந்தியா வழியே கிழக்கு நோக்கிச் சென்றனர் என்பதற்கு அஃது ஒரு தடயம். 2005இற் தொடங்கிய உலகளாவிய மரபுவழி ஆய்வுத் திட்டத்தின் இந்திய நடுவமும் அப்பல்கலைக்கழகத்திலேயே அமைந்தது. அக்குறி பெற்ற குடியை 'முதல் இந்தியர்' என்று தலையில் தூக்கி ஆடியோரும் உளர், அது வீண். தந்தைவழியில் ஒரு நூலிழை அது. அக்குறியில்லாத பக்கத்து ஊரானும் அதே ஆப்பிரிக்கப் பயணத்தின் வழித்தோன்றலே. குலப்பெருமை பேசுவார்க்கு உயிரியல் எக்காலத்தும் துணைநின்றதில்லை. பாடம் வெட்டப்பட்டதன் உட்கரணியங்களுள் இதுவும் ஒன்றாயிருக்கலாம் என்று ஐயுறுவார் ஐயத்தைத் தவறெனத் தள்ளவும் முடியவில்லை.

எஞ்சியது சொல் பற்றியது. 'பரிணாமம்' வடசொல். வடசொல் என்பதொன்றே குற்றமாகாது என்பார்க்கும் அதன்கண் வேறொரு குற்றம் உண்டு. பால் தயிராதல் போலப் பொருளொன்று தானே மற்றொன்றாய்த் திரிதலைக் குறிக்க வடநூலார் மெய்ப்பொருளியலில் ஆண்ட சொல் அது. குரங்கு ஒருநாள் மாந்தனாய் மாறிற்று என்னும் அமைச்சரின் மயக்கத்திற்கு அச்சொல்லே வாயிலாகின்றது. ஈழத் தமிழ்ப் பாடநூலார் இதற்குக் 'கூர்ப்பு' என்று ஆண்டனர். உள்ளதொன்று மேன்மேல் மிகுதலைக் கூர்ப்பு என்னுஞ்சொல் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியலிற் பெறப்படும். முன்பே உள்ளதினின்று, சிறிது சிறிதாய், தலைமுறை தலைமுறையாய் வேறுபாடு மிகுந்து வருதல் என்னும் கருத்துக்கு இதனினும் நெருங்கிய சொல் கிடைத்தல் அரிது. தொல்காப்பியர் தார்வினை அறியார், அறிந்ததாகச் சொல்லவேண்டுவதுமில்லை. அவர் தந்த சொல் தார்வினைத் தமிழிற் பேச உதவுகின்றது, அவ்வளவே.

மாநிலப் பாடநூற் குழு அடுத்த பதிப்பைத் திருத்துங்கால் அவ்வலகை 'உயிரின் தோற்றமும் கூர்ப்பும்' எனப் பெயரிடுமாறு தமிழாசிரியர் கழகங்கள் எழுதுதல் வேண்டும். அவ்வேண்டுகையிலேயே அத்திரம்பாக்கத்தையும் காமராசர் பல்கலைக்கழக ஆய்வையும் அவ்வலகிற் சேர்க்குமாறு கேட்டல் வேண்டும். நடுவணரசுப் பாடத்திட்டத்திற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், 2019ஆம் ஆண்டு நூலின் அவ்வலகைப் படியெடுத்துப் பிள்ளை கையிற் கொடுத்துவிடலாம். அதனைத் தடுக்கச் சட்டமுமில்லை, படிக்கத் தேர்வும் வேண்டா.